நாற்பத்திரண்டு ஏக்கருக்கு ஒரு காவல்

"ஏங்க! ஏங்க! நம்ம காட்டுப் பத்திரம் தொலஞ்சு போச்சாம்!"

வளர்மதி போட்ட கூச்சலில் செல்லப்பன் கையிலிருந்த காபி டம்ளர் விழுந்து உருண்டது. மனைவியிடமிருந்து பேப்பரைப் பிடுங்கினார். மூலையில் அரியலூர் வக்கீல் ஒருவரின் அறிவிப்பு. ஆண்டிமடம் நடராசனுக்குச் சொந்தமான நாற்பத்திரண்டு ஏக்கர் முந்திரிக்காட்டின் அசல் பத்திரங்கள் காணாமல் போய்விட்டன, கண்டெடுத்தவர்கள் ஒப்படைக்கவும்.

செல்லப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது. பத்திரம் எப்படிக் காணாமல் போகும்? மூன்று மாதத்துக்கு முன்னால் பெரியப்பா நடராசனின் பீரோவிலிருந்து அதை எடுத்து, பரண்மேல் மிக்சி அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தவரே அவர்தான். பெரியப்பா வீடு முழுக்கக் குடைந்து தேடியபோது, கூடவே குனிந்து தேடியவரும் அவர்தான்.

"இது அந்தப் பிரேம் வேல. சந்தேகமே இல்ல!"

பிரேம், செத்துப்போன பெரியம்மாவின் அண்ணன் மகன். பெரம்பலூரில் வேலை. பிள்ளையில்லாத பெரியப்பாவைப் பார்க்க நாலு மாதமாக ஞாயிறு தவறாமல் காரில் வருகிறான். வரும்போதெல்லாம் ஆப்பிள் வேறு. பல்லே இல்லாத வாய்க்கு ஆப்பிள் வாங்கி வருகிறவன் காரியம் இல்லாமலா வருவான்?

"எப்படிப் பண்ணுவானுங்க தெரியுமா? மொதல்ல தொலஞ்சு போச்சுன்னு பேப்பர்ல போடுவான். அதக் காட்டிப் போலீஸ்ல சர்டிபிகேட் வாங்குவான். அப்புறம் நகல எடுத்து, கிழவர மயக்கிக் கையெழுத்த வாங்கி, காட்டயே தன் பேருக்கு மாத்திப்புடுவான். எங்க பெரியப்பா?"

"காலையிலயே பிரேம் தம்பி கார்ல கூட்டிட்டுப் போயிருச்சு. வக்கீல பாக்கணும்னாரு."

"நீயும் விட்டுட்டியா? போடு போன!"

"அவரு போனு உங்க சட்டப் பையிலல்ல இருக்கு? எவனும் பேசி மயக்கிடக் கூடாதுன்னு போன வாரம் நீங்கதான புடுங்கி வச்சீங்க?"

செல்லப்பன் பல்லைக் கடித்தார். பதினேழு வயதில் அந்தக் காட்டுக்குள் இறங்கியவர். முப்பத்தைந்து வருடம் களை வெட்டி, கொட்டை பொறுக்கி, புயலில் சாய்ந்த மரத்துக்கெல்லாம் கன்று நட்டவர். அவர் பெயரில் ஒரு சென்ட் கிடையாது. காடு கைமாறினால் ஐம்பத்திரண்டு வயதில் கூலிக்குத்தான் போக வேண்டும்.

மிக்சிப் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றார்.

"பாருங்க சார்! பத்திரம் தொலயவே இல்ல. இந்தா இருக்கு. பேப்பர்ல போட்டவன் பிராடு. புடிச்சு உள்ள போடுங்க!"

எஸ்.ஐ. பத்திரத்தைப் புரட்டினார். "நடராசன்கிறது நீங்களா?"

"எங்க பெரியப்பா சார்."

"அவரு குடுத்தாரா உங்ககிட்ட?"

"இல்ல சார். அவருக்குத் தெரியாம நாந்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். பாதுகாப்புக்கு."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். "உள்ள போடச் சொன்னீங்களே, அது உங்களையா?"

ஒரு மணி நேரம் நிற்க வைத்து எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். பத்திரம் ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டது. "பத்திரம் தொலஞ்சதா ஏற்கெனவே குடுத்திருந்த புகார்ல இருந்த நம்பருக்குச் சொல்லியாச்சு. யாரோ பிரேமாம், பெரியவரக் கூட்டிட்டு வந்து வாங்கிக்கிறேங்கிறாரு."

மூன்று மாதம் கட்டிக் காத்ததைத் தன் கையாலேயே கொண்டுவந்து அவனிடம் சேர்த்தாயிற்று! செல்லப்பன் வண்டியை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு விரட்டினார்.

"ஆட்சேபணைய சொத்துக்காரர்தான் குடுக்கணும். நீங்க யாரு?" என்றாள் அங்கிருந்த கிளார்க் பெண்.

"காட்ட நாந்தாம்மா பாத்துக்கறேன்!"

"பாத்துக்கங்க. யாரு வேணாங்கிறா?"

எதிர்க்கடையில் பத்திரம் எழுதும் சக்திதான் வழி சொன்னான். "எழுதித் தர்றவருக்குப் புத்தி சுவாதீனம் இல்லன்னு மனு போடுங்கண்ணே. பதிவாளர் பேனாவத் தொடவே பயப்படுவாரு."

"போடு! தன் கையெழுத்தே தனக்குத் தெரியாதுன்னு போடு. சொந்தக்காரன் யாரு, அசலாள் யாருன்னு அடையாளம் தெரியாதுன்னு போடு!"

"பிரேம் பேருக்குப் பதியக் கூடாதுன்னு போட்டுரவா?"

"அவன் கேடிடா. பொண்டாட்டி பேருல எழுதுவான், பினாமி பேருல எழுதுவான். எவன் பேருக்கு எழுதினாலும் பதியக் கூடாதுன்னு போடு. எவன் பேருக்கும்!"

செல்லப்பன் போட்ட கையெழுத்தின் வேகத்தில் காகிதம் கிழிந்தது. சக்தியே உள்ளே ஓடிப்போய் மனுவைச் சார்பதிவாளர் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

அதே நேரம் வாசலில் கார் வந்து நின்றது. புது வேட்டியில் பெரியப்பா இறங்கினார். பிரேம் கைத்தாங்கலாக அவரை உள்ளே அழைத்துப் போய், ஸ்டேஷனில் வாங்கிய பழைய பத்திரங்களையும் புதிதாக எழுதிய ஒரு பத்திரத்தையும் மேசைமேல் வைத்தான். வைத்த கை எடுப்பதற்குள் செல்லப்பன் அவன் சட்டையைப் பிடித்தார்.

"எத்தன நாளாடா போட்ட திட்டம் இது?"

"கைய எடுங்க மச்சான். மூணு மாசமா மாமா சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு, அசல் பத்திரம் கெடைக்காமத்தான்..."

"பாத்தீங்களா சார்! அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்!"

சார்பதிவாளர் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி ஒரு மனு வந்தப்புறம் நான் பதிய முடியாதுங்க. விசாரிக்கணும், டாக்டர் சர்டிபிகேட் வேணும். கோர்ட்டு வரைக்கும் போனா வருசக் கணக்காகும்."

"பத்து வருசம் ஆகட்டும் சார்!" என்று கத்தினார் செல்லப்பன்.

பெரியப்பா செல்லப்பன் பக்கம் திரும்பினார். "எனக்காடா புத்தி கெட்டுப் போச்சுன்னு எழுதிக் குடுத்த? ஆமாடா, கெட்டுத்தான் போச்சு. இல்லன்னா இந்தக் காரியத்துக்குக் கெளம்பி வந்திருப்பனா? பிரேமு, வண்டியத் திருப்பு."

பழைய பத்திரங்களை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு கிழவர் விடுவிடுவென்று வெளியேறினார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

செல்லப்பன் வாசலில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டார். எவன் வந்தாலும் இனி அந்தக் காட்டை அசைக்க முடியாது. காலையிலிருந்து முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

உள்ளேயிருந்து பியூன் மூச்சிரைக்க ஓடி வந்தார், கையில் அந்தப் புதுப் பத்திரம்.

"பெரியவரு இந்தத் தானப் பத்திரத்த விட்டுட்டுப் போயிட்டாரேங்க! இதுல வாங்குறவரு யாரோ செல்லப்பன்னு போட்டிருக்கு, அந்தாளு வூடு எங்கன்னு தெரியுமா?"