முந்நூற்றுப் பன்னிரண்டு கசெட்டும் லேபலும்

மண்டூர்
ஞாயிற்றுக்கிழமை

சுவிஸில் வாழும் என் செல்வ மகள் வதனிக்கு,

கந்தசுவாமியார் புண்ணியத்தில் உன் அப்பா நலம். அங்கே நீயும் மருமகனும் பிள்ளைகளும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாய் இருக்க வேண்டுகிறேன். நிற்க. போனிலேயே சொல்லலாம்தான். சொல்லத் தொடங்க முன்னமே "அப்பா, வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

போன வருசம் வந்தபோது என் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்க வீடியோ எடுத்த கலியாணமும் சாமத்தியச் சடங்கும் குப்பையாக் கிடக்குது அப்பா, லேபல் ஒட்டிக் கொப்பியில எழுதி வையுங்க, கேட்டு வாறவங்களுக்கு டக்கெண்டு எடுத்துக் குடுக்கலாம்" என்று கட்டளை போட்டாயே, செய்தேன் புள்ள. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடியோ கசெட். முதலில் வருசப்படி அடுக்கப் பார்த்தால் வருசம் எழுதின மை எல்லாம் வாவிக் காத்தில அழிஞ்சு போயிட்டு. மறுகா பெயர்ப்படி. நம்மட பக்கம் மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்டுக்குப் போறவன், அங்கதானே கலியாணமும், அதால எல்லாத்தையும் பொண்ணுட பேரில எழுதிப் போட்டன். தேடி வாறதோ கூடுதலா ஆம்பிளைகள். "பொண்சாதிட பேர் என்ன தம்பி?" எண்டா, இருபத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்தினவன் வீட்டில கூப்பிடுற பேரைச் சொல்லிப்போட்டு முழிக்கிறான்! சரி, எனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி எழுதுவமெண்டு "மாப்பிள்ளை மயங்கி விழுந்தது", "சோறு முடிஞ்சது", "மாமி கோவிச்சுப் போனது" எண்டு ஒட்டினன். அந்த மாமி, நம்மட கண்ணகை அக்கா, ஒருநாள் வந்து கண்ணாடியைப் போட்டு வாசிச்சிட்டா. "ஆர்ரா கோவிச்சது? நான் தலையிடியெண்டு போனனான்" எண்டு அரை நாள் கதிரையில இருந்து சண்டை. டெக்கில போட்டுக் காட்டினன். "கோவத்திலயும் வடிவாத்தான் இருந்திரிக்கன்" எண்டு சிரிச்சுப்போட்டு, சோறும் திண்டுட்டுத்தான் போனா.

கடைசியா நீ சொன்ன மாதிரியே ஒவ்வொண்டுக்கும் நம்பர் போட்டு, கொப்பியில பொண்ணு, மாப்பிள்ளை, ஊர், எத்தனையாவது நிமிசத்தில தாலி எண்டது வரைக்கும் எழுதிட்டன். இப்ப ஒண்டும் பிசகாது. போன கிழமை இலட்சுமிப்பிள்ளை பாதைப் படகில ஏறி வாவி கடந்து வந்தா, தன்ட கலியாணக் கசெட்டில செத்துப்போன தகப்பன் நடமாடுறதைப் பார்க்கவேணுமாம். முந்தி ரெண்டு தரம் வந்து, ரெண்டு பேருமா விடியத் தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் தேடி, ஊர்க்கதை எல்லாம் கதைச்சு, கசெட் கிடைக்காமப் போனவ. இந்தமுறை கொப்பியைப் பார்த்து நூற்றி நாற்பத்தேழை எடுத்துக் கையில குடுத்தன். டவுனில பென்ட்ரைவில ஏத்தப் போறனெண்டு படலையடியிலயே கிறுகித் திரும்பிட்டா. தேத்தண்ணிக்கு வச்ச தண்ணி இன்னும் கொதிக்கவே இல்ல. இப்ப எல்லாரும் இப்பிடித்தான் வந்து போறாங்க. நான் கமெரா தூக்க உன் அம்மா லைற் பிடிச்ச காலத்தில இந்த வீட்டில ஆள் சத்தம் ஓயாது, அவ போன பிறகும் கசெட் தேடி வாற ஆக்களால ஒருமாதிரி நாள் போச்சு. இப்ப நாலு நாளா ஒருத்தரோடயும் கதைக்கல்ல மகள். தனிய இருக்கிறது பெரிய கஷ்டமாத்தான் இரிக்கி. ஆனா கொப்பி திறம், நீ பார்த்தாச் சந்தோசப்படுவாய்.

மருமகனுக்கு என் அன்பைச் சொல்லு. பேரப்பிள்ளைகள் நோய்நொடி அண்டாமல், தமிழும் மறவாமல் பல்லாண்டு வாழ முருகன் அருள் புரியட்டும்.

உன் அப்பா,
க. அருமைநாயகம்

பி.கு: கடிதத்தைத் தபாலில போடாம ரெண்டு நாள் வச்சிருந்தன். லேபல் முழுக்க நேற்று உரிச்சிட்டன் மகள். ஈரத்துணியால துடைச்சா சுகமா வருது. கொப்பியை அடுப்பில வச்சிட்டன். வாற சனிக்கிழமை வவுணதீவில இருந்து சதீசன் எண்டவன் குடும்பத்தோட தன்ட கலியாணத்தைத் தேடி வாறான், மொத்தம் ஆறு பேர். மீனுக்குச் சொல்லி வச்சிரிக்கன். தற்செயலாக் கையில அம்பிட்டிடக் கூடாதெண்டு அந்தக் கசெட்டை மட்டும் அரிசிப் பெட்டிக்குள்ள தாட்டு வச்சிரிக்கன். பின்னேரம் நாலு மணிக்குத்தான் கண்டுபிடிப்பன்.