சித்தேரியா நாட்டுப் பட்டதாரி

உலக சமாதானத்துக்காக எத்தனையோ மாநாடுகள் கூடிக் கலைந்திருக்கின்றன. ஆனால் 1984-இல் தர்மபுரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் சுற்றறிக்கையில் இருந்த ஏழாம் விதி சாதித்ததில் கால்வாசியைக்கூட அவை சாதித்ததில்லை. விதி இதுதான்: "பட்டமளிப்பு விழாவுக்கு வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் தேசியப் பாரம்பரிய உடையில் வரலாம். உள்நாட்டு மாணவர்கள் பேன்ட், பூட்ஸ், டை அணிந்து 'கண்ணியமாக' வரவேண்டும்."

வெளிநாட்டு மாணவர்கள் என்ற பன்மைக்குள் அடங்கியவர் ஒருவரே: கென்யாவின் ஒடியம்போ. கண்ணியத்துக்குள் அடங்காதவனும் ஒருவன்தான்: சித்தேரி மலையின் தீர்த்தகிரி. அவனிடம் இருந்தவை வெள்ளை வேட்டி ஒன்று, தன் ஊரில் பி.ஏ. முடித்த முதல் ஆள் என்ற பேர் ஒன்று. அவன் பட்டம் வாங்குவதைப் பார்க்க அம்மா சின்னம்மாள் விடியற்காலை பஸ்ஸில் வந்து, பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் உடைக் கமிட்டித் தலைவர் பேராசிரியர் ராஜாமணி நின்றார். ஒடியம்போ கோட்டும் சூட்டுமாக வந்து இறங்கியதும் அவர் முகம் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

"என்னப்பா இது? பாரம்பரியம் எங்கே? எறகு, கிறகு?"

"எங்க அப்பா கல்யாணத்துக்கே கோட்டுதான் சார்," என்றான் ஒடியம்போ, மூன்று வருஷத் தமிழில்.

வெளிநாட்டுப் பாரம்பரியத்தைப் பார்க்க மேடையில் சிறப்பு விருந்தினர் காத்திருக்கிறார். பாரம்பரியமோ கைவசம் இல்லை. அந்த நேரம் பார்த்துத் தீர்த்தகிரி வேட்டியோடு வந்து நின்றான்.

"ஏய், வேட்டியோட எங்க போற? போய் பேன்ட் போட்டுக்கிட்டு வா!"

"பேன்ட் இல்லீங்க சார். எங்கம்மா வந்து உக்காந்திருக்குதுங்க. பேரைக் கூப்பிடறப்ப ஏறி எறங்கிடறனுங்க."

"எந்த ஊருடா நீ? சித்தேரியா?"

பக்கத்தில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த கிளார்க் பச்சியப்பன் காதில் கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது. அல்ஜீரியா, நைஜீரியா, லைபீரியா என்று பேப்பரில் தினமும் படிக்கிறவர். வெளிநாட்டு மாணவர் பட்டியலில் முத்துமுத்தாக எழுதினார்: "தீர்த்தகிரி, சித்தேரியா."

ராஜாமணி அதைப் படித்தார். திருத்துவதற்குப் பேனாவைத் திறந்தார். ஒடியம்போவின் கோட்டை ஒருமுறை பார்த்தார். பேனாவை மூடினார்.

"வாங்க தம்பி, வாங்க!"

ஏழாம் விதி காப்பாற்றப்பட்டது.

"சித்தேரியா நாட்டு மாணவர்!" என்று மைக் முழங்கியதும், கறுப்பு அங்கிக்குக் கீழே வேட்டி தெரியத் தீர்த்தகிரி மேடை ஏறினான். கைதட்டலில் பந்தல் குலுங்கியது. கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்த சிறப்பு விருந்தினர் குனிந்து வேட்டியைத் தொட்டுப் பார்த்து நெகிழ்ந்தார்.

"ஆஹா! நம்ம ஊர் வேட்டி மாதிரியே இருக்கிறதே! தமிழ் பேசுவீர்களா?"

"பேசுவனுங்க."

"பிரமாதம்! எங்கள் நாடு எப்படி இருக்கிறது?"

கடைசி வரிசையில் சின்னம்மாள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்த்தகிரி பட்டத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"தெரியலீங்க ஐயா. இன்னிக்கித்தானே உள்ளார வுட்டீங்க."