சித்தப்பாவின் மவுஸும் என் கறுப்புத் திரையும்

மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பாகப் பெயர் மாற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். வலது பொத்தானை அமுக்குவது, பட்டியல் விரியக் காத்திருப்பது, அதில் 'பெயர் மாற்று' எங்கே என்று தேடுவது, ஒற்றை விரலால் தட்டுவது, பிறகு அடுத்த கோப்பு. நடுவில் ஒரு பெருமூச்சு வேறு. இந்தக் கோபத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அதற்குப் பிறகும் கோபம் குறையவில்லை. குறையவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. (என் மனைவிக்குத் தோன்றுகிறது. அது அவள் பாடு.)

நான் பங்சாரில் ஓர் அலுவலகத்தில் நிரல் எழுதுகிறவன். நிரல் எழுத எடிட்டர் என்று ஒன்று வேண்டும். நான் பயன்படுத்துவதில் மவுஸுக்கு வேலையே இல்லை, விரல்கள் விசைப்பலகையை விட்டு எழவே வேண்டாம். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் வேறு எடிட்டர் வைத்திருக்கும் எதிர்க்கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நானும் விடமாட்டேன். அதற்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கறுப்புத் திரை திறந்திருக்கும். அதில் பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கட்டளையைத் தட்டினால் கணினி செய்யும், அவ்வளவுதான். அடிக்கடி செய்கிற வேலைக்கெல்லாம் இரண்டெழுத்தில் ஒரு சுருக்குக் கட்டளை எழுதி வைத்திருந்தேன். வருடக்கணக்காக இப்படிச் செதுக்கிச் செதுக்கி, கடைசியில் என் லேப்டாப்பை என்னைத் தவிர வேறு யாரும் தொட முடியாத நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒருநாள் சக ஊழியர் ஒருவர் அவசரமாக ஒரு மின்னஞ்சல் அனுப்ப அதை வாங்கினார். எதைத் திறப்பது என்றே தெரியாமல் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

மதியச் சாப்பாட்டின்போது இதைப் பற்றிப் பிரசங்கம் வேறு செய்வேன். மவுஸ் என்பது சோம்பேறிகளின் ஊன்றுகோல் என்பேன். என் பக்கத்தில் யாரும் உட்காராமல் போனதற்கு நான் கொண்டுபோகும் கருவாட்டுச் சம்பல்தான் காரணம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து உட்கார்ந்தவள் யோகி ஒருத்திதான். யோகேஸ்வரி, கணக்குப் பிரிவு. அவளும் மவுஸ் கட்சிதான். மன்னித்துவிட்டேன். காதல் எதைத்தான் செய்ய வைக்காது.

யோகியின் வீடு பிரிக்பீல்ட்ஸில். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். அவருக்கு அறுபது நிறைந்தபோது கிள்ளானில் ஒரு மண்டபம் எடுத்து மணிவிழா செய்தார்கள். நான் 'ஆபீஸ் நண்பன்' என்ற பெயரில் போய் வந்தேன். படம் எடுத்தது யோகியின் சந்திரன் சித்தப்பா. பெரிய கேமரா, பெரிய பை, பெரிய குரல். தொழில் முறைப் படக்காரர் வேண்டாம், தானே எடுத்துத் தருகிறேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்ட வேலை. மேடைக்கு முன்னால் யாராவது போனைத் தூக்கினால், "போன எறக்குங்க லா, நான்தான் எடுக்குறேன்ல" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினார். எல்லாரும் இறக்கினார்கள். இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

நண்பன் கதையை யோகியின் அப்பா நம்பவில்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. "அந்தப் பையன ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரச் சொல்லு, பேசணும்" என்றாராம். என்ன பேசப்போகிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சரி என்றால் கல்யாணம், இல்லை என்றால் இல்லை. அப்பா வேண்டாம் என்றால் தானும் மாட்டேன் என்று யோகி முன்பே சொல்லியிருந்தாள். அன்று காலை போன் செய்து இன்னொன்றும் சொன்னாள்: "வாயத் தொறக்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கம்ப்யூட்டர் பத்திப் பேசாத."

கிள்ளான் பக்கம் மேருவில் இருக்கும் என் வீட்டில் இருந்து கிளம்பி, ஃபெடரல் ஹைவே நெரிசலில் வெந்து, கையில் பழக்கூடையுடன் போய்ச் சேர்ந்தேன்.

"வா தம்பி, உக்காரு. சாப்ட்டியா?" என்றார் அப்பா.

"சாப்ட்டேன் அங்கிள்."

"பரவால்ல. ஆன்டி வட சுடுறாங்க."

உட்கார்ந்தேன். எனக்கு நேர் எதிரே, சாப்பாட்டு மேசையில், சந்திரன் சித்தப்பா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மவுஸும் கையுமாக இருந்தார். மணிவிழாப் படங்கள். முந்நூறுக்கு மேல். ஆல்பம் கடைக்காரர் வரிசையாக எண் போட்டுத் தரச் சொன்னாராம். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். வலது பொத்தான், பட்டியல், தேடல், ஒற்றை விரல், பெருமூச்சு. முந்தாநாள் தொடங்கி நாற்பதாவது படத்துக்கு வந்திருந்தார்.

என் கால் தானாக ஆட ஆரம்பித்தது. யோகி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாலேயே மிரட்டினாள்.

"கிள்ளான்ல எங்க?" என்றார் அப்பா.

"மேரு பக்கம் அங்கிள்."

"அப்பா என்ன செய்றாரு?"

"லோரி ஓட்டுறாரு."

டக். பெருமூச்சு. டக்.

"கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?"

"முந்நூறு" என்றேன்.

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். ஒரு தங்கச்சிதான் என்று திருத்திச் சொன்னேன். அதற்குள் சித்தப்பா ஒரு படத்துக்குத் தவறான எண்ணைப் போட்டுவிட்டு, அதை அழித்து, மறுபடி வலது பொத்தானில் இருந்து தொடங்கினார். அங்கேதான் எனக்குள் இருந்த பொறுமைசாலி செத்துப்போனான்.

"அங்கிள், நான் செஞ்சி தரவா? ரெண்டு நிமிஷம்."

யோகி இருமினாள். சாதாரண இருமல் இல்லை.

"ரெண்டு நாளா நான் செய்றேன், நீ ரெண்டு நிமிஷம்ங்கிற. என் லேப்டாப்ல யாரும் கை வைக்கிறது எனக்குப் புடிக்காது தம்பி" என்றார் சித்தப்பா. அவருக்கும் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம்தான், ஆனால் அன்று எனக்கு அது தெரியவில்லை.

"விடு சந்திரா, படிச்ச புள்ள. செய்யட்டும், பாப்போம்" என்றார் அப்பா.

இந்த 'பாப்போம்' தான் என்னைக் கெடுத்தது. மாப்பிள்ளைத் தேர்வே இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். மவுஸை எடுத்து அப்பால் வைத்தேன். (மெதுவாக வைத்ததாகத்தான் எனக்கு நினைவு. எறிந்தேன் என்கிறாள் யோகி.) நல்லவேளையாக அந்த லேப்டாப்பிலும் என்னுடையது போலவே கறுப்புத் திரை இருந்தது. நல்லவேளை என்று அப்போது நினைத்தேன்.

என் லேப்டாப்பில் இந்த வேலைக்கு ஒரு சுருக்கு உண்டு. இரண்டெழுத்து தட்டினால் எத்தனை படமானாலும் வரிசையாக எண் போட்டுவிடும். எழுதி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, உள்ளே என்ன இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. இங்கே அது இல்லை. என் எடிட்டரும் இல்லை. நான் தட்டிய எந்தக் குறுக்குவழியும் வேலை செய்யவில்லை, திரையில் குப்பை குப்பையாக எழுத்து விழுந்தது. பின்னால் சித்தப்பா, "ரெண்டு நிமிஷம் ஆச்சி" என்றார். ஆத்திரத்தோடு முழுவதையும் மனப்பாடமாகத் தட்டினேன். சித்தப்பா '60-1, 60-2' என்று மொட்டையாக வைத்திருந்த பெயர்களும் பிடிக்காமல், எல்லாவற்றையும் 'மணிவிழா' என்று தொடங்கும்படி மாற்றி எழுதினேன். என்டர் தட்டினேன். மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது.

"பாத்தீங்களா" என்று திரும்பி உட்கார்ந்தேன். கைகட்டிக்கொண்டு உட்கார்ந்ததாகவும் சொல்கிறார்கள்.

அப்போது ஆன்டி, அதாவது யோகியின் அம்மா, ஒரு தட்டு நிறைய உளுந்துவடையோடு சமையலறையில் இருந்து வந்தார். "முடிஞ்சிருச்சா? எங்க, மால மாத்துற படத்தக் காட்டுங்க. இந்தச் சந்திரன் ஆல்பத்துல பாத்துக்கலாம்னு ஒண்ணுகூட இன்னும் காட்டல" என்றார்.

சித்தப்பா மவுஸைத் தேடி எடுத்து, படங்கள் இருந்த இடத்தைத் திறந்தார்.

உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தது. மணிவிழா-1.

"மத்தது?" என்றார் சித்தப்பா.

நான் செய்தது என்ன என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் எண்ணில் ஒன்றைக் கூட்டச் சொல்லும் வரியை விட்டுவிட்டேன். எண் ஒன்றிலேயே நின்றுவிட்டது. எல்லாப் படத்துக்கும் அதே பெயர். ஒரு பெயரில் ஒரு கோப்புதான் இருக்க முடியும். இரண்டாவது வந்து முதலாவதை அழித்தது, மூன்றாவது வந்து இரண்டாவதை அழித்தது, இப்படியே கடைசிப் படம் வரை. என் லேப்டாப்பாக இருந்திருந்தால், 'அதே பெயரில் ஒன்று இருக்கிறதே, அழிக்கட்டுமா?' என்று கேட்டிருக்கும். அப்படிக் கேட்கும்படி நான்தான் பழக்கி வைத்திருந்தேன். யாரும் பழக்காவிட்டால் பெயர் மாற்றும் அந்தக் கட்டளை ஒன்றும் கேட்காது. முந்நூறு படத்தை விழுங்கப்போகிறோமே, ஒரு வார்த்தை கேட்போம் என்ற மரியாதைகூட இல்லாத ஒரு கட்டளையை எந்தப் புண்ணியவான் எழுதினானோ, அவன் மேல் எனக்குள்ள கோபம் சித்தப்பா மேல் உள்ளதைவிடப் பெரியது.

"மத்தது எங்க தம்பி?" என்றார் அப்பா.

"இதுக்குள்ளதான் அங்கிள். ஒண்ணு மேல ஒண்ணா…"

"பிரிச்சி எடு."

"எடுக்க முடியாது அங்கிள்."

"அலாமாக்" என்றார் சித்தப்பா. "எல்லாம் கோசோங்கா? ஒண்ணுமே இல்லியா? கேமரா கார்டையும் வெள்ளிக்கெழமதான் அழிச்சேன். ஸ்கூல் விளையாட்டுப் போட்டிக்கு எடம் வேணும்னு."

வேறு பிரதி இருக்கிறதா என்று முதலில் கேட்பது என் தொழிலில் அரிச்சுவடி. அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களை இதற்காகவே திட்டித் தீர்ப்பவன் நான். அன்று கேட்கவில்லை.

மிஞ்சிய அந்தப் படத்தைச் சித்தப்பா திறந்தார். பந்தியில் எடுத்தது. இலைக்கு முன்னால் நான். அப்பளத்தை முழுதாக உள்ளே தள்ளுவதற்காக வாயை ஆவென்று திறந்திருக்கிறேன். கண்கள் பாதி மூடியிருக்கின்றன. ஓரத்தில் என் இலையில் பாயசம் ஊற்றும் கரண்டியும் அதைப் பிடித்த ஒரு கையும் தெரிகின்றன. விருந்தினருக்குத் தன் கையால் பரிமாற வேண்டும் என்று வந்த அப்பாவின் கை. மணிக்கட்டு வரைக்கும்தான்.

ஆன்டி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தான் ஆன்டி."

அவர் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பிப் போனார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, நெடுநேரம் மூடவில்லை. அவர் அழுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

அப்பா எழுந்து கதவைத் திறந்து வைத்தார். எனக்காகத்தான்.

மறுநாள், சித்தப்பாவிடம் யோகி கெஞ்சி வாங்கித் தந்த அந்த லேப்டாப்பைக் கணினிக் கடை கடையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒன்றும் மீளவில்லை. "பேக்கப் இல்லையா பாஸ்?" என்று கேட்டுக் கேட்டு ஒரு கடைக்காரர் என் ஆத்திரத்தைக் கிளப்பினார். உறவினர்களின் போன்களைத் துழாவிப் பார்த்தோம். கிடைத்த சில படங்களிலும் மேடை இல்லை. சித்தப்பாவின் முதுகுதான் இருந்தது, விதவிதமான கோணங்களில்.

பல மாதம் அந்த வீட்டில் என் பெயரை எடுக்கக் கூடாது என்று இருந்தது. யோகி என்னிடம் பேசினாள், ஆனால் திட்டுவதற்கு மட்டும். பிறகு ஒருநாள் அவள் அப்பா தானாகவே மேருவுக்கு வந்து, என் பெற்றோர் முன்னால் உட்கார்ந்து சொன்னார்: "பொண்ணு குடுக்குறேன். ஆனா உங்க மகன் கல்யாண மேடையில மொதல்ல நானும் என் வீட்டுக்காரியும் மால மாத்திப்போம். அவ இன்னும் அந்தப் படத்தப் பாக்கல."

அப்படியே நடந்தது. பட்டு வேட்டியில் மாப்பிள்ளையாகிய நான் ஓரமாக நின்று காத்திருக்க, யோகியின் அப்பாவும் அம்மாவும், அதாவது என் மாமாவும் அத்தையும், மாலை மாற்றினார்கள். எங்கள் கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் முதல் பக்கங்கள் முழுக்க அவர்கள்தான். அத்தை எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருக்கிறார். எடுத்தது சித்தப்பா. அவர் அன்று என்னைக் கேமராவுக்கு முன்னால் நிற்க விட்டாரே தவிர, பின்னால் வர விடவில்லை.

அந்தப் பந்திப் படத்தை அத்தை விடவில்லை. பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பிரிக்பீல்ட்ஸ் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். புதிதாக வருகிறவர்கள், "யாரு ஆன்டி இது, வாயத் தொறந்துகிட்டு?" என்று கேட்பார்கள். "அதுவா, எங்க மணிவிழாப் படம்" என்பார். அவர்கள் குழம்பிப்போய் என்னைப் பார்ப்பார்கள், நான் மின்விசிறியைப் பார்ப்பேன். யாராவது எதையாவது பழுது பார்க்கிறேன் என்று கிளம்பினால் மாமா, "ரெண்டு நிமிஷமா?" என்று கேட்பார். உடனே கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள்.

போன தீபாவளிக்கு அங்கே போயிருந்தோம். சித்தப்பா அதே மேசையில் உட்கார்ந்து, காலையில் எடுத்த படங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். வலது பொத்தான், பட்டியல், தேடல், ஒற்றை விரல், பெருமூச்சு. என் கால் ஆட ஆரம்பித்தது. வீட்டில் எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். அத்தை எழுந்து போய் ஒரு தட்டு நிறைய வடை கொண்டுவந்து, என் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொள்ள வைத்தார்.

"தட்டக் கீழ வைக்காதிங்க மாப்ள" என்றார். "அவரு முடிக்கிற வரைக்கும்."