மணமேடை ஏறிய விடாப்பிடி அண்ணாச்சி

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, திருநெல்வேலி வட்டாரத்தில் நிம்மதியாகக் கல்யாணம் செய்துகொண்டவன் எவனும் கிடையாது. காரணம், எங்கள் விடாப்பிடி அண்ணாச்சி.

பாளையங்கோட்டையில் ஒரு தொலைநிலைக் கல்வி மையத்தில் நானும் அவரும் வேலை பார்த்தோம். சேர்ந்துவிட்டுக் காணாமல் போகிறவர்களைத் திரும்ப இழுத்து வருவது அவர் பொறுப்பு. மாணவர்கள் அவர் நம்பரை 'எடுக்காதே' என்ற பெயரில் பதிந்து வைத்திருந்தார்கள். அவரோ வேறு நம்பரிலிருந்து, "கொரியர் வந்திருக்கு, வாசலுக்கு வாங்க" என்பார். வந்து பார்த்தால் அவரே நிற்பார். திருச்செந்தூரில் முடி இறக்கிவிட்டு நின்ற ஒருவனைக் கூட்டத்துக்குள் எட்டிப் பிடித்து, "மொட்ட போட்டா எனக்கு அடையாளம் தெரியாதாலே? அசைன்மென்ட் எங்க?" என்று கேட்டவர்.

முருகேசன் வாழைக்காய் மண்டியில் வேலை பார்த்தவன். பி.காம். கடைசி வருடத்தில் இரண்டு பேப்பரை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போனான். சேரன்மகாதேவியில் அவனுக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்ததும், அண்ணாச்சி என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முருகேசன் தாலி கட்டி முடித்த கையோடு அண்ணாச்சி மேடையேறி, மாப்பிள்ளை காதில் ரகசியம் சொல்வதாக நினைத்து, ஐயர் முன்னால் இருந்த மைக்கில் சொன்னார்:

"மாப்ளே, அடுத்த வாரம் பரீட்ச. ரெண்டு பேப்பரையும் முடிச்சிரு, என்னலே?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. நாதஸ்வரம் நின்றது. மணப்பெண் செல்வி நிமிர்ந்தாள்.

"டிகிரி முடிச்சாச்சுன்னு சொல்லித்தான பொண்ணு கேட்டீங்க?"

"முடிச்ச மாதிரிதான்..." என்றான் முருகேசன்.

"அப்ப நானும் கட்டிக்கிட்ட மாதிரிதான். பாஸ் பண்ணிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க."

அண்ணாச்சி ஆடிப்போய்விட்டார். பிள்ளையைப் பிடிக்க வந்து குடும்பத்தையே பிரித்துவிட்டோமே என்ற பயம். "ஏ தாயி, நல்ல பையன்மா. நான் பக்கத்துல இருந்து படிக்க வைக்கேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சொன்னபடியே செய்தார். மறுவீட்டு விருந்தில்கூட மாப்பிள்ளை மடியில் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம்தான். கணக்குச் சரியாக வந்தால்தான் அடுத்த வடை. அடுக்களையிலிருந்து செல்வி, "அண்ணாச்சி, அவுக விடையப் பாத்து எழுதுதாவ!" என்று குரல் கொடுப்பாள்.

முருகேசன் பாஸானான். ரிசல்ட் வந்த அன்றே செல்வி பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பட்டமளிப்பு விழா முடிந்து வெளியே வந்ததும், முருகேசன் தன் கறுப்பு அங்கியைக் கழற்றி அண்ணாச்சிக்கு மாட்டிவிட்டான். "ஏலே, இது என்ன கூத்து? எல்லாரும் பாக்காங்க!" என்று அவர் கத்தினார்.

பஸ் ஸ்டாண்டு வரும்வரை அவர் அதைக் கழற்றவில்லை. நாங்கள் யாரும் கழற்றச் சொல்லவும் இல்லை.