அரிசி ஸ்டோரில் அணுப் பாடம்

களைத்துப்போன மனிதர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத விஷயத்தை விளக்கப் போகக் கூடாது. அவர்கள் தூங்கிவிட்டால் நமக்கு அவமானம். தூங்காமல் கேட்டுவிட்டால் அதைவிட ஆபத்து. இந்த ஞானம் எனக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது.

இலங்கையில், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் மாஸ்டர். பதுளைக்கு ரயில் வந்த புதிது. பள்ளிக்கூடம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில், தொட்டில்களுக்கு நடுவே நின்று வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பேன். (ஏழாம் வாய்ப்பாட்டை அழுகை ராகத்தில் ஒப்பிக்கும் பிள்ளைகள் உலகத்திலேயே எங்களிடம்தான் இருந்தார்கள்.) பழைய அரிசி ஸ்டோர் ஒன்று சும்மா கிடந்தது. அதைத் தரும்படி கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த தோட்டத்துத் துரைக்கும் அலுத்திருக்க வேண்டும்.

"சரி மாஸ்டர், ஞாயித்துக்கிழமை அந்த ஸ்டோர்ல எல்லாருக்கும் ஒரு பாடம் நடத்து. நான் வந்து பாக்குறேன். நல்லா இருந்தா ஸ்டோர் உனக்கு" என்றார்.

புத்தியுள்ளவன் கூட்டல் கழித்தல் நடத்தியிருப்பான். நான் அணுவைத் தேர்ந்தெடுத்தேன். பதுளைக் கடைத்தெருவில் கடிகாரக் கடை வைத்திருந்த காசிம் நானாவிடம் ரேடியம் பூசிய கைக்கடிகாரம் ஒன்று வந்திருந்தது. கெஞ்சி இரவல் வாங்கினேன்.

"கொழும்பில இருந்து வந்த சாமான் மாஸ்டர். இருட்டில தானா மினுங்கும். பத்திரமாக் கொண்டுவந்து தாங்க" என்றார் நானா.

ஞாயிறு என்றாலும் கொழுந்துக் காலம். பாதி நாள் மலையில் நின்றுவிட்டு வந்தவர்கள், ஸ்டோரின் தரையில் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தார்கள். துரைக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் பெரிய கங்காணி. எனக்கு முன்னால் கரியடுப்பும், மூடியில்லாத கேத்தலில் கொதிக்கும் தண்ணீரும், ஒரு தகரத் தட்டில் கற்பூரமும்.

"எல்லாப் பொருளும் அணுவால ஆனதுதான்" என்று ஆரம்பித்தேன். "கெட்டியான பொருள்ல அணுவெல்லாம் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல வரிசையா நிக்கிற நம்ம மாதிரி, நெருக்கமா நின்ன எடத்துலேயே நிக்கும். தண்ணியில, கொழுந்து எடுக்கிற மாதிரி ஒன்ன ஒன்னு ஒரசிக்கிட்டு நகரும். ஆவின்னா, சம்பள நாள்ல டவுனுக்குப் போற கூட்டம். ஆளுக்கொரு பக்கம்."

"கங்காணி சத்தம் போட்டா ஆவி மறுபடி தண்ணியாயிருமா மாஸ்டர்?" என்று கேட்டாள் ராக்காயி. தோட்டத்திலேயே வாய்த்துடுக்கான கொழுந்துக்காரி அவள்.

கூட்டம் சிரித்தது. துரையும் சிரித்தார். அந்த இடத்தில் பாடத்தை முடித்திருந்தால் ஸ்டோர் என்னுடையது.

அடுத்து, கற்பூரம் உருகித் தண்ணீராகாமல் நேராக ஆவியாவதைக் காட்ட நினைத்துத் தட்டை அடுப்பின் மேல் பிடித்தேன். கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. குப்பென்று பற்றிக்கொண்டது. சரிந்து கிடந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து கைகூப்பினார்கள்.

"கும்பிடாதீங்க, இது பாடம்!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? பதற்றத்தில் நெருப்பை மூடி அணைத்தேன். அடுப்புக்கு முன்னால் ஒரு சாக்கைத் தொங்கவிட்டுக் கதவையும் ஜன்னலையும் சாத்தச் சொன்னேன். கும்மிருட்டு. கடிகாரத்தை உயர்த்திப் பிடித்தேன். பச்சையாக ஒரு வளையம் அந்தரத்தில் மினுங்கியது.

"பாருங்க! எண்ணெ இல்ல, திரி இல்ல, யாரும் ஏத்தல. தானா வெளிச்சம் வருது! உள்ள அணு ஒடையுது. அத யாராலயும் நிறுத்த முடியாது!"

நான் சொன்னது ரேடியத்தைப் பற்றி.

அப்போது ராக்காயியின் குரல், ஆனால் அவளுடையதில்லாத ஒரு குரல், இருட்டுக்குள்ளிருந்து வந்தது.

"ஏன்டா, என்னய இத்தன நாளா இருட்டுல பூட்டி வச்சிருக்கீங்க?"

"ஆத்தா! மாரியாத்தா!" என்று ஸ்டோரே அலறியது. யாரோ என் காலில் விழுந்தார்கள். நான் தடுமாற, கடிகாரம் கையிலிருந்து நழுவிக் கேத்தலுக்குள் 'டுபுக்' என்று விழுந்தது. கதவு திறந்தபோது துரை கற்பூரப் புகையில் இருமிக்கொண்டு, திரவ நிலையைத் தொடாமலே, நாற்காலியிலிருந்து நேராக வெளியேறினார்.

வாசலில் கண்ணைத் துடைத்தபடி, "அந்தப் பொம்பளைக்கு என்ன வேணும்?" என்றார்.

பெரிய கங்காணி கைகட்டி நின்றார். "ஆத்தாவுக்கு இந்த எடம் வேணுமாம் தொரை."

துரை என்னைப் பார்த்தார். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். மறுபடியும் அணுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உடம்பில் தெம்பில்லை.

"ஆமாங்க தொரை" என்றேன்.

"சரி, குடு" என்று சொல்லிவிட்டு அவரும் களைப்போடு நடந்தார்.

அடுத்த வாரமே ஸ்டோரில் சூலம் நட்டுவிட்டார்கள். காசிம் நானா கடிகாரத்தைத் திறந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "நேரம் பார்க்கத்தானே நான் தந்தது மாஸ்டர், தேத்தண்ணி போடவா?"

நான் ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடம் தொட்டில்களுக்கு நடுவேதான் நடந்தது. கோயிலுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆனால் சுற்றுவட்டாரத்தில் 'ரேடியம் மாரி' என்றால்தான் தெரியும். ஒவ்வொரு திருவிழாவுக்கும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டுத் தலையில் பரிவட்டம் கட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

என் மனைவி இந்தக் கூத்து நடந்து வெகுநாள் கழித்துத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆனாலும் என்னைவிட நன்றாகவே கதையைச் சொல்வாள். நான் பரிவட்டத்தோடு வீட்டுப் படியேறும்போதெல்லாம், பேரப்பிள்ளைகள் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்பாள்.

"என்னங்க மாஸ்டர், இன்னிக்கு எத்தன பேரு வந்திருந்தாங்க?"

"எல்லாரும்" என்பேன். என் வகுப்பில் ஒருநாளும் சொல்ல முடியாத பதில் அது.