கைகாட்டி இறங்காத ஸ்டேஷன்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் தங்கையும் நலம்தான், ஆனால் வீட்டில் இல்லை. உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். குறையாவிட்டாலும் பரவாயில்லை, இதைக் கண்டதும் பட்டறையைப் பூட்டிவிட்டு, இருப்பதிலேயே பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறவும்.

இந்த வருஷம் மழை கைவிரித்ததில் எங்கள் நீர்த்தேக்கம் வற்றிக்கொண்டே போனது. முதலில் பழைய ரயில் பாதையின் கைகாட்டி மரம் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியது, பிறகு கூரையில்லாத ஸ்டேஷன் சுவர், பிறகு பிளாட்பாரம், கடைசியில் தண்டவாளமே சேற்றிலிருந்து எழுந்து வந்துவிட்டது. அணை கட்டுவதற்கு முன் அந்தப் பாதையில்தான் நான் கார்டாக வேலைக்குச் சேர்ந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. நாமும் போகலாமே என்றாள் உங்கள் தங்கை. வேண்டாம் என்றேன். என் பேச்சு இந்த வீட்டில் என்றைக்கு எடுபட்டது?

போனோம். மச்சான், அந்த இடத்தை எப்படிச் சொல்வேன்! வெடித்த சேற்றுக்கு நடுவே ஸ்லீப்பர் கட்டைகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன, தண்டவாளத்தின் மேல் நத்தைகள் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. ஸ்டேஷன் பலகை நிற்கிறது, அதிலிருந்த பெயரைத் தண்ணீர் தின்றுவிட்டது. பாதை கொஞ்ச தூரம் போய், ஒரு வளைவு எடுத்து, தண்ணீருக்குள் சத்தமில்லாமல் இறங்கிவிடுகிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றால் அடியில் எங்கேயோ ஒரு வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருப்பது போலிருக்கிறது. உங்கள் தங்கை கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நானும் நேரம் போவது தெரியாமல் நின்றேன்.

வெயில் சாய்ந்ததும், "போலாமா?" என்றேன்.

"பச்சைக் கொடி காட்டுங்க, எழுந்து வரேன்" என்றாள்.

கொடி என் பையில்தான் இருந்தது. ஓய்வு பெற்றவன் பையில் கொடி எதற்கு என்று நீங்கள் கேட்கக் கூடாது.

"கைகாட்டி இறங்கலையே! இறங்காம எந்த கார்டு பச்சை காட்டுவான்?"

"அது துருப்பிடிச்சுப் போய் நிக்குதுங்க. மேல கொக்கு உட்கார்ந்திருக்கு பாருங்க."

"கொக்கு உட்கார்ந்தாலும் சிக்னல் சிக்னல்தான்."

"ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் ஆயுசு பூரா கொடி காட்டினீங்க. எனக்கு ஒரு தடவை காட்டினா கை ஒடிஞ்சிடுமா?"

நீங்களே சொல்லுங்கள், நியாயமா? சர்வீஸில் ஒரு கறுப்புப் புள்ளி வாங்காதவன் நான். அன்றைக்கு இருட்டிய பிறகு தானாக எழுந்து வீட்டுக்கு வந்தாள், ஆனால் பேச்சு நின்றுவிட்டது. இப்போது தினமும் சமையலை முடித்து மூடி வைத்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறாள். சரி, கைகாட்டியையே இறக்கிவிட்டால் சட்டப்படி கொடி காட்டிவிடலாமே என்று எண்ணெய்க் கிண்ணத்தோடு போனேன். சேறு ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது, அதைத் தேடக் குனிந்ததில் மூக்குக் கண்ணாடியும் போனது, எப்படியோ ஏணியில் பாதி ஏறியதும் கொக்கு என் தலையில் செய்ததை எழுத முடியாது, எண்ணெய் முழுதும் என் சட்டைக்கு, கீழே இறங்கினால் முட்டிவரை புதைந்து, அங்கே வலை வீசிக்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர் வலைக்கயிற்றைக் கட்டி என்னை இழுத்தார். உங்கள் தங்கை பெஞ்சில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தாள். சிரிக்கக்கூட இல்லை மச்சான், அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

மேலே மலையில் மழை பிடித்துவிட்டதாம், தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கிறது. ஸ்டேஷன் மறுபடி மூழ்கிவிட்டால் அப்புறம் நான் எங்கே போய் அவளுக்குக் கொடி காட்டுவது? அவள் பேசாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயமாக இருக்கிறது. லேத் பட்டறைக்காரர் நீங்கள், அந்தக் கையை நீங்கள்தான் இறக்க முடியும். போகிறபோக்கில் தங்கைக்கும் நாலு நல்ல வார்த்தை சொல்லவும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன், கார்டு (ஓய்வு)

பி.கு.: வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள், தண்ணீர் பிளாட்பாரத்தைத் தொடப்போகிறதென்று மீன்காரர் வந்து சொன்னார். கடிதமும் கையுமாக ஓடினேன். கைகாட்டி கையை இறக்காமல் நீட்டியபடியே நின்றது. கண்ணை மூடிக்கொண்டு கொடியை விரித்து ஆட்டிவிட்டேன். உங்கள் தங்கை கொடியைப் பார்த்தாள், கைகாட்டியைப் பார்த்தாள். "சிக்னல் இறங்கலையே, எப்படிங்க கிளம்பறது? நானும் கார்டு பொண்டாட்டியாச்சே" என்று சொல்லி, சிரித்துவிட்டு, பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன். வளைவு முழுதும் மூழ்கிவிட்டது, கால்விரலில் தண்ணீர் குளிர்ச்சியாகப் படுகிறது, அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். தயவுசெய்து ஸ்பேனரோடு வந்து காரியத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.