ஆட்டுக்கு இரண்டு புருவம்

எம்ரிஸுக்கு ஆட்டு வேஷம் போட்டவன் கெதின். ஆகவே சனிக்கிழமை மத்தியானம் ஆட்டைக் காணோம் என்றதும் தேடிப் போக வேண்டியவனும் அவனே.

அடுத்த சனிக்கிழமை எம்ரிஸுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் கெதின். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை எங்காவது கூட்டிக்கொண்டு போய் மானத்தை வாங்குவது தோழனின் கடமை. அதற்காகத்தான் ப்ரெக்கன் மலையடிவாரத்து இசைவிழாவில் நண்பர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதுமே கெதின் சட்டம் போட்டுவிட்டான். ஞாயிறு மத்தியானம் வரை மாப்பிள்ளை யார் எதிரிலும் ஆட்டுத் தலையைக் கழற்றக் கூடாது. பேசவும் கூடாது. 'மே' என்று மட்டும் சொல்லலாம்.

எம்ரிஸுக்குச் சேறும் ஆகாது, சத்தமும் ஆகாது. வேஷத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொங்கிய முகத்தோடு கழிப்பறைப் பக்கம் போனான். திரும்பும்போது ஆடு துள்ளிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா, வேஷம் போட்டதும் கூச்சம் போயிடுச்சு" என்று கெதின் பெருமைப்பட்டான்.

அவனுடைய ஒரே பயம் மணப்பெண் லோவ்ரி. போன வருஷம் அவள் அண்ணனுக்கு இதே கொண்டாட்டத்தை நடத்தியவனும் கெதின்தான். அந்த அண்ணன் ஒற்றைப் புருவத்தோடு அயர்லாந்து போகும் கப்பலில் கண்விழித்தான். இந்தத் தடவை லோவ்ரி, "நானும் வரேனே, எனக்குப் புடிச்ச பாட்டுக்காரங்க எல்லாம் வர்றாங்க" என்று கேட்டாள்.

"பொம்பளைங்களுக்கு இடமில்ல" என்றான் கெதின்.

"அப்படியா? சரி. ஆனா எம்ரிஸ் ரெண்டு புருவத்தோட முழுசா வீடு வந்து சேரணும். இல்லேன்னா சர்ச்ல அவன் பக்கத்துல நீ நிக்க மாட்டே. எங்கண்ணன் நிப்பான்."

ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் எம்ரிஸின் பக்கத்தில் உட்கார்ந்தவன் கெதின். அந்த இடத்தில் இன்னொருவன் நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆடு அகப்பட்டது. மேடைக்கு நேர் முன்னால், முன்பின் தெரியாத ஒருவனின் தோள்மேல் உட்கார்ந்து கைகளை வீசிக்கொண்டிருந்தது.

"இறங்குடா! கழுத்து முறிஞ்சா அவளுக்கு யாரு பதில் சொல்றது?"

"மே" என்றது ஆடு.

கெதின் அதைத் தரதரவென்று கூடாரத்துக்கு இழுத்து வந்தான். இனி தொலைய விடக் கூடாது. கூடாரத்தைக் கட்டியிருந்த கயிறு ஒன்றை அவிழ்த்து, ஒரு முனையை ஆட்டின் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் முடிந்துகொண்டான். நல்ல யோசனைதான். அதற்குள் அடுத்த குழு மேடையேறிவிட்டது. ஆடு ஓடியது. கெதின் கொஞ்சதூரம் கூடவே ஓடினான், மிச்சதூரம் சேற்றில் குப்புறப் படுத்தபடி போனான்.

அவர்கள் திரும்பி வந்தபோது மழை பிடித்திருந்தது. கயிறு போன கூடாரம், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நண்பர்கள்மேல் விழுந்து கிடந்தது. ஈரத் துணிக்குள்ளிருந்து ஹியூ ஊர்ந்து வெளியே வந்தான். கையில் சவரக்கத்தி.

"பொறுத்தது போதும். மாப்பிள்ளையோட புருவத்தை இன்னிக்கே எடுத்துடறோம்."

"டேய், வேண்டாம்டா!"

"வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல? இரு, பசங்களை எழுப்பிட்டு வரேன்."

கெதின் ஆட்டை அதன் சின்னக் கூடாரத்துக்குள் தள்ளித் தானும் புகுந்து, வாசலை இழுத்து மூடினான். குடையை மடக்கத் தெரியாத எம்ரிஸ் அடித்த கூடாரம் அது. அந்தக் காற்றிலும் இம்மியும் அசையாமல் நின்றது. நண்பனுக்குள் இப்படி ஒரு திறமையா என்று கெதின் வியந்தான். பிறகு ஈரமும் பீரும் சேர்ந்து அவன் மனதைத் திறந்துவிட்டன.

"லோவ்ரியைப் பாத்தா எனக்குப் பயம்டா" என்றான். "நல்லவதான், இல்லேங்கலை. ஆனா அவ வைக்கிற ஆட்டுக்கறி சூப்பு இருக்கே! போன கிறிஸ்துமஸ்ல நீயும் நானும் ஜன்னலோரத் தொட்டியில ஊத்தினோமே, அந்தச் செடி பொழைக்கவே இல்ல, பாத்தியா?"

ஆட்டுத் தலை மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

"அதுகூடப் பரவாயில்ல. கல்யாணத்துக்கப்புறம் உன்னை எங்கிட்ட விட மாட்டா. அதான்டா எனக்கு..." என்றவன் ஈரச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

ஆடு தன் குளம்பை அவன் தோளில் வைத்தது.

அதற்குள் வாசல் கிழிந்தது. ஹியூவும் மற்றவர்களும் ஆட்டுத் தலையைப் பிடித்து இழுக்க, ஆடு இரண்டு குளம்புகளாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "மே! மே!" என்று அலறியது.

"அவனை விடுங்கடா! வழக்கம்தானே? என்னோடதை எடுத்துக்குங்க!" என்று கெதின் குறுக்கே விழுந்தான்.

எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது ஒன்றுதான். ஆனால் அவன் முகம் கோணலாகத் தெரிகிறது என்று ஹியூ வருத்தப்பட்டு, சமன் செய்வதற்காக இன்னொன்றையும் எடுத்தான்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. முகத்தில் வெறும் நெற்றியோடு கெதின் லோவ்ரியின் எண்ணை அழைத்தான். கல்யாணப் படத்தில் எப்படித் தெரிந்தால் என்ன? சர்ச்சில் அவனுடைய இடம் அவனுக்குத்தான். பக்கத்தில் ஆடு அமைதியாகத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தது.

மறுமுனையில் எடுத்ததும் கெதின் மூச்சுவிடாமல் பேசினான்.

"லோவ்ரி! உன் ஆளு பத்திரமா இருக்கான். ரெண்டு புருவமும் அப்படியே இருக்கு. என் புருவத்தைக் குடுத்துக் காப்பாத்தியிருக்கேன். இப்பவாவது என்னை நம்புவியா?"

கொட்டாவி விடும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு ஆண்குரல்.

"டேய், நான் எம்ரிஸ். அவ போனை வீட்டுலயே வெச்சுட்டு வெள்ளிக்கிழமையே அங்க வந்துட்டா. கொஞ்சம் அந்த ஆட்டுக்கிட்ட குடு."